வடகம் காயாத நாட்கள்

ஏப்ரல் 20, ஞாயிறு

மகன் ஆவுடைநாயகம் கொடுத்த டைரி நாலு மாசமாக அரிசி டப்பா மேல் சும்மா கிடக்கிறது. இன்று எழுத ஆரம்பிக்கிறேன். முதல் பக்கம் மங்களமாக இருக்கட்டும் என்று பேரப்பிள்ளைகள் சங்கதியை முதலில் எழுதிவிடுகிறேன்.

பெரிய மகள் வயிற்றுப் பேரன் பாலமுகுந்தன் கப்பலில் என்ஜினியர். ஏழு கடலும் பார்த்துவிட்டான். தாமிரபரணியில் இறங்க மட்டும் பயப்படுவான். அவன் தங்கை சுபாங்கி திருநெல்வேலியில் பல் டாக்டர். முதல் பல்லை என் வாயில்தான் பிடுங்கிப் பழகினாள். நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். கெட்ட பல்லை யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம், நல்ல பல்லைப் பிடுங்கத்தான் திறமை வேண்டும். சின்ன மகளுக்கு இரட்டைப் பையன்கள். ஒருத்தன் சதுரங்கத்தில் மாவட்டத்தில் இரண்டாவது. முதலாவது வந்தவன் கள்ளாட்டம் ஆடியிருப்பான். இன்னொருத்தன் இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு பாஸ். நான் படித்ததும் ஐந்தாம் வகுப்புதான். ஆகையால் அவன் படிப்பு முடிந்தது, இனிமேல் படிப்பதெல்லாம் உபரி.

கடைசியாக ஆவுடை மகள் தர்சினி. காலேஜில் தங்க மெடல். இப்போது வானத்தைப் படம் எடுக்கிறாள். கல்யாண வீட்டில் எடுப்பார்களே, அதெல்லாம் இல்லை. வெறும் வானம். மேகம், மழை, மின்னல், சூரியன் விழுவது. தெருவில் கேட்டவர்களிடம் "வானிலை ஆபீஸ் மாதிரி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். "மாதிரி"யை மட்டும் மெதுவாகச் சொல்வேன்.

அவள் நாளை சென்னையிலிருந்து வருகிறாள்.

ஏப்ரல் 21, திங்கள்

வந்துவிட்டாள். கடைசியாக வந்தது அவள் தாத்தா காரியத்துக்கு. மூன்று வருஷம், ஒரு மாசம், ஒன்பது நாள். நான் எண்ணவில்லை. காலண்டரில் இருக்கிறது.

கேமராப் பை பிறந்த பிள்ளை கனம் இருக்கிறது. அதைத் தரையில் வைக்க விடமாட்டேன் என்கிறாள். தலைமுடி மட்டும் தேங்காய் நார். எண்ணெயைக் கண்டு எத்தனை காலம் ஆயிற்றோ.

காப்பி குடித்துக்கொண்டே, "ஆச்சி, எனக்கு ஒரே ஒரு மேகம் வேணும்" என்றாள்.

"கடையில இருக்கான்னு பாரு."

"கிண்டல் பண்ணாதீங்க. சாயங்காலம் பொதிகை மலை மேல எழும்புமே, காலிஃபிளவர் மாதிரி, அடுக்கடுக்கா. அடியில மழை தொங்கணும். சூரியன் விழுறப்ப அது மேல வெளிச்சம் அடிக்கணும்."

"அதுவா? கோட்ட கட்டுதுன்னு சொல்லுவோம். சித்திரையில கட்டத்தான் செய்யும்."

"எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியும்னு அப்பா சொன்னார். நீங்க சொல்ற அன்னைக்கு நான் கேமராவோட மாடியில நிப்பேன். படம் கெடச்சா மறுநாளே கிளம்பிடுவேன்."

தெரியும்தான். நாற்பத்தொரு வருஷமாக இந்தக் கல்லிடைக்குறிச்சியில் அப்பளமும் வடகமும் காயவைக்கிறேன். வானம் பார்க்கத் தெரியாதவள் வடகம் போட்டால் ஊருக்குக் கூழ்தான் மிஞ்சும். என் மாடியில் வேட்டி விரித்தால்தான் தெருவே விரிக்கும்.

மறுநாளே என்றாள். நான் காப்பி டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன்.

ஏப்ரல் 23, புதன்

நல்ல வெயில். கூழ்வடகம் இரண்டு வேட்டி நிறைய ஊற்றினேன். தர்சினி காலையில் மாடிக்கு வந்து மலையைப் போனில் ஒரு படம் எடுத்தாள். தினமும் காலை வெளிச்சத்தைக் குறித்து வைத்துக்கொள்வாளாம். காக்காய் விரட்டக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். பச்சை வடகத்தை அவள் தின்றது காக்காய் தின்றதைவிட அதிகம்.

ஏப்ரல் 25, வெள்ளி

விடிகாலையில் உப்புச் சாடி வியர்த்திருந்தது. தும்பிகள் முற்றத்தில் முழங்கால் உயரத்தில் பறந்தன. கூழ் காய்ச்சவில்லை.

"ஆச்சி, இன்னைக்கு வருமா? போன்ல மழைக்கு வாய்ப்புன்னு போடுது."

"போனுக்கு நம்ம ஊரு தெரியுமா? வெளுத்துக் கெடக்கு பாரு, ஒண்ணும் வராது. வெள்ளிக்கெழம, வந்து தலையக் காட்டு."

காய்ச்சின நல்லெண்ணெயை உச்சியில் வைத்து அரைமணி நேரம் தேய்த்தேன். சீயக்காய், வெந்நீர். மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி, உருளைக்கிழங்குப் பொரியல், இஞ்சித் துவையல். எண்ணெய் தேய்த்துக் குளித்தவள் சொதி சாப்பிட்டால் என்ன ஆவாளோ அதுதான் ஆனாள். இரண்டரை மணிக்குப் படுத்தவள் அசையவில்லை.

ஐந்து மணிக்குக் கோட்டை கட்டியது. நான் மட்டும் மாடியில் நின்று பார்த்தேன். வெல்லப்பாகு பொங்கி வருகிற மாதிரி மலைக்குப் பின்னாலிருந்து பொங்கிப் பொங்கி வந்தது. விளிம்பெல்லாம் நெருப்பு. இருபது நிமிஷம் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் ஒன்றுமே தெரியாத மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டது. நானும் இறங்கி வந்தேன்.

ஏழு மணிக்கு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ஆச்சி, தரை ஏன் ஈரமா இருக்கு?"

"வெள்ளிக்கெழமல்லா, தண்ணி தெளிச்சேன்."

"தெரு முழுக்கவா?"

"எதுத்த வீட்டு சொர்ணமும் தெளிச்சா."

ஏப்ரல் 26, சனி

தர்சினியைப் பிற்பகல் மாவு மில்லுக்கு அனுப்பினேன். கூட்டமாம். மூன்று மணி நேரம் ஆயிற்று. மில் பெரிய கட்டடம், ஜன்னல் கிடையாது, சத்தமும் பெரிய சத்தம். வேறு விசேஷம் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைக்கும் கூழ் காய்ச்சவில்லை. சாயங்காலம் பேத்தியோடு கோயிலுக்குப் போனேன். கர்ப்பகிரகத்துப் பக்கம் கல்லுக்கூரை, கேமராவும் கூடாது. சுவாமியை நிதானமாகக் கும்பிட்டேன். எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் தனித்தனியாக அர்ச்சனை, பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி. அர்ச்சகர் கொட்டாவி விட்டார்.

நடுவில் கடகடவென்று சத்தம்.

"ஆச்சி, இடியா?"

"வெடிட்டி. பக்கத்து ஊர்க் கோயில்ல கொட. சொடலமாடனுக்கு வெடி போடுதாவ."

"சத்தியமா?"

"சாமி முன்னால பொய் சொல்லுவனா?"

சாமி முன்னால் இல்லை, நந்திக்குப் பின்னால்தான் நின்றோம்.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் சொர்ணம் மோர் வாங்க வந்தாள். "மைனி, பேத்தி வந்து எட்டு நாளாச்சு. மழை பெய்யுத நேரம் பாத்து அந்தப் புள்ளய உள்ள தள்ளிப் பூட்டுதியளே, என்ன சேதி?" என்றாள்.

"ஒனக்கு மோர் வேணுமா, சேதி வேணுமா?"

மோரை வாங்கிக்கொண்டு போனாள். சிரித்துக்கொண்டே போனாள், அதுதான் பிடிக்கவில்லை.

நான் ஒன்றும் துணைக்கு ஆள் வேண்டும் என்று செய்யவில்லை. எனக்கு டிவி இருக்கிறது. சொர்ணம் இருக்கிறாள். மாடியில் பதினோரு காக்காய் இருக்கிறது. முடி வறண்டு கிடக்கிறது, பத்து நாள் எண்ணெய் கண்டால் தேறும். அதற்காகத்தான்.

பிற்பகல் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போனேன். ஒட்டுக் கேட்கவில்லை. செடி ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. தர்சினி அவள் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மே அஞ்சு கடைசி நாள்ப்பா. அஞ்சு படம் அனுப்பணும், நாலு ரெடி. புயல் மேகம் ஒண்ணுதான் இல்ல. அது இல்லாம எடுத்துக்க மாட்டாங்க... இல்லப்பா, ஆச்சி பாத்துச் சொல்றாங்க, வரவே மாட்டேங்குது... ஆமா, வாக்கு வாக்குதான். கெடைக்கலன்னா ஜூன்ல உங்க ஆபீஸ்ல சேர்ந்துடறேன். கேமராவை அலமாரில வச்சுப் பூட்டிடறேன். இனிமே கேக்க மாட்டேன்."

பேசி முடித்துவிட்டு முகம் கழுவினாள். மறுபடி கழுவினாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி விசாரித்தேன். அகில இந்திய அளவில் ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பார்களாம். ஒரு வருஷம் நாடு முழுக்க மழைக்காலத்தைப் படம் எடுக்க அனுப்புவார்களாம். அவள் இரண்டு வருஷமாக அதற்காகவே படம் சேர்க்கிறாளாம். "முன்னமே ஏன் சொல்லல?" என்றேன். "கெடைக்காமப் போனா நீங்க தெரு பூரா பதில் சொல்லணுமே ஆச்சி" என்றாள்.

ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அவள் அப்படியே குடித்தாள்.

நாளை மேகம் வந்தால் நானே மாடிக்கு இழுத்துக்கொண்டு போவேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மேகம் வரவில்லை.

ஏப்ரல் 30, புதன்

இன்றும் இல்லை. வெயில் நன்றாக அடித்தது. வடகம் ஊற்றினேன். கை வேலை நடக்கத்தானே வேண்டும்.

பத்து மணிக்குத் தர்சினி போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். காலையில் மாடியில் எடுத்த படங்கள், தேதி வாரியாக.

"இது இருபத்திமூணு. வேட்டி விரிச்சிருக்கு. அன்னைக்கு மழை இல்ல. இது இருபத்தஞ்சு, மாடி காலி. அன்னைக்குத்தான் நீங்களும் சொர்ணம் சித்தியும் தெரு முழுக்கத் தண்ணி தெளிச்சீங்க. இது இருபத்தேழு. காலி. அன்னைக்குக் கொடை வெடி. பக்கத்து ஊர்ல விசாரிச்சுட்டேன் ஆச்சி, கொடை வைகாசியிலதான்."

நான் வடகத்தைத் திருப்பிப் போட்டேன். திருப்ப வேண்டிய பதம் வரவில்லை, இருந்தாலும் திருப்பினேன்.

"உங்க வாய் ஒண்ணு சொல்லுது, உங்க வேட்டி ஒண்ணு சொல்லுது. ஏன் ஆச்சி?"

"முடி வறண்டு கெடந்துச்சு."

"முடிக்காகவா ரெண்டு மேகத்த ஒளிச்சு வச்சீங்க?"

"ரெண்டில்ல" என்றேன். பொய் சொன்னது போதும் என்று தோன்றிவிட்டது. "மூணு. சனிக்கெழம நீ மில்லுக்குப் போயிருந்த."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கீழே இறங்கிப் போய்விட்டாள்.

மே 1, வியாழன்

இரண்டாவது தோசை வாங்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கவும் வரவில்லை. வானம் கழுவிக் கவிழ்த்த வெண்கலப் பானை.

மே 2, வெள்ளி

அம்மன் கோயிலில் நூற்றெட்டுச் சுற்று. முழங்கால் கத்துகிறது. சொர்ணம் மறித்து, "என்ன மைனி வேண்டுதல்?" என்றாள்.

"மழை பெய்யணும்."

"வடகம் போடுத வீட்டுலயா மழைக்கு வேண்டுதிய! ஊர்ல கேட்டாச் சிரிப்பாவ." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பிறகு என்னோடு அவளும் பதினைந்து சுற்று வந்தாள். நல்ல மனுஷிதான், வாய்தான் நீளம்.

மே 3, சனி

மலை மேல் ஒரு பஞ்சுத் துண்டு வந்தது. மூன்று மணிக்கு "வா, வா" என்று தர்சினியை மாடிக்குக் கூப்பிட்டேன். வந்து நின்றாள். பஞ்சு கேரளா பக்கம் போய்விட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

மே 4, ஞாயிறு

இன்று நடந்ததைப் பொறுமையாக எழுதுகிறேன்.

காலையில் உப்புச் சாடி உலர்ந்திருந்தது. தும்பி கிடையாது. எறும்பு அதன்பாட்டுக்குப் போயிற்று. அக்கினி நட்சத்திரம் தொடங்குகிற நாள், வானத்தில் ஒரு பொட்டு இல்லை. மூன்று படி அரிசிக் கூழ் காய்ச்சி நாலு வேட்டி நிறைய ஊற்றினேன்.

தர்சினி மாடிக்கு வந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. வேட்டிகளைப் பார்த்தாள். கீழே போய்ப் பையை அடுக்கினாள்.

"நாலு மணி பஸ்ஸுல திருநெல்வேலி போயி ரயில் பிடிக்கிறேன் ஆச்சி. பழைய படம் ஏதாவது ஒண்ணச் சேர்த்து அனுப்பிடறேன். எடுத்துக்க மாட்டாங்க. பரவால்ல."

"நாளைக்கு வரைக்கும் இரேன்ட்டி."

"நாளைக்கு மத்தியானத்தோட நேரம் முடியுது."

மூன்றே காலுக்குப் போய்விட்டாள். காலில் விழுந்து கும்பிட்டுத்தான் போனாள். அதுதான் தாங்கவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

மூன்றரைக்கு மாடிக்கு ஏறினேன். மேற்கே பார்த்தால் மலைக்குப் பின்னால் வெள்ளையாய் ஒரு மேகக் குவியல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அதன் தோளில் ஏறியது. நாற்பத்தொரு வருஷத்தில் இப்படி ஏமாந்ததில்லை. வானம் என்னிடம் ஒரு பழைய கணக்கைத் தீர்த்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

போன் போட்டேன்.

"தர்சினி, பஸ்ஸ விட்டு எறங்குட்டி. மேக்க கோட்ட கட்டுது."

"ஆச்சி, போதும். இன்னும் ஒரு நாள் இருக்க வைக்கத்தானே?"

"இல்லட்டி, சத்தியமா."

"கோயில்லயும் சத்தியம் பண்ணுனீங்க."

"அந்த பஸ்ஸ்டாண்டு கூரைய விட்டு வெளிய வந்து பாரேன்!"

"சுத்தி லாட்ஜும் கடையுமா இருக்கு ஆச்சி, மலை தெரியாது. டிரைவர் ஏறியாச்சு." பிறகு கேட்டாள்: "வடகம் காயுதா?"

"காயல. சுருட்டிக்கிட்டு நிக்கேன்."

"என்னது?"

"மூணு படி அரிசி! பாதி ஈரத்தோட சுருட்டுதேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் களியாப் போச்சு. வாரியா இல்லியா?"

போன் வைத்துவிட்டாள். நான் இரண்டாவது வேட்டியைச் சுருட்டினேன். வடகம் போடுகிறவள் பொய் சொல்வாள். பொய்க்காக ஈர வடகத்தைச் சுருட்ட மாட்டாள். அது அவளுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்றுதான் தெருவை எட்டி எட்டிப் பார்த்தேன். காக்காய் வருகிறதா என்று பார்த்தேன் என்றும் சொல்லலாம்.

மூன்றாவது வேட்டியில் இருக்கும்போது ஆட்டோ சத்தம். செருப்போடு வீட்டுக்குள் ஓடி, செருப்போடு மாடி ஏறினாள். மற்ற நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்தக் கோட்டை கட்டிக்கொண்டே இருந்தது. நான் வெள்ளிக்கிழமை பார்த்ததெல்லாம் இதற்கு முன்னால் குடிசை. அடுக்கு மேல் அடுக்கு, உச்சி பரந்து ஊர் மேலேயே கவிந்துவிட்டது. அடிவயிறு நாவல்பழக் கறுப்பு. மலைக்கும் மேகத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி, அதற்குள் சூரியன் வந்து நின்றதும் மொத்தமும் பற்றிக்கொண்டது. உள்ளே மின்னல் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. தர்சினி ஓடினாள், குந்தினாள், தரையோடு படுத்துவிட்டாள். காற்று வந்து நாலாவது வேட்டியைத் தூக்கியது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் பின்னால் ஓடினேன்.

"இங்கன என்னட்டி பாக்க! மேகத்தப் பாரு, மேகத்த!" என்று கத்தினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

மழை அறைந்தது. கேமராவைத் துப்பட்டாவுக்குள் பிள்ளையை மறைப்பதுபோல மறைத்துக்கொண்டு படிக்கட்டுக்குள் வந்தோம். என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம், அதனால் முகத்தில் இருந்தது எல்லாம் மழைத்தண்ணீர் என்றே எழுதுகிறேன்.

"ஆச்சி, வடகம் மொத்தமும் போச்சே."

"போவுது. பால்காரர் வீட்டுல எரும இருக்கு, திங்கட்டும்."

விளக்கு வைப்பதற்குள் ஐந்து படங்களையும் அனுப்பிவிட்டாள். சாப்பிடும்போது மூன்று தோசை.

மே 5, திங்கள்

காலை பஸ். இந்தத் தடவை நான் மறிக்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி அனுப்பினேன். வீட்டைப் பெருக்கினேன். மறுபடி பெருக்கினேன்.

மே 9, வெள்ளி

வடகம் ஊற்றினேன். காய்ந்தது.

மே 14, புதன்

காய்ந்தது.

மே 22, வியாழன்

ஆறு பேரில் ஒருத்தி தர்சினி! ஆவுடைதான் போனில் சொன்னான். இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளையை ஆபீஸுக்கு வா வா என்று அரித்தவன், "என் பொண்ணும்மா" என்கிறான். பிறந்தபோது தூக்கிக் கொடுத்ததே நான்தான், எனக்குச் சொல்கிறான். முதல் பக்கத்தில் எழுதியதைத் திருத்தி எழுத வேண்டும். "மாதிரி" இனிமேல் வேண்டாம்.

தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன். இரண்டாவது வீட்டில் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சொர்ணம் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மைனி, படத்த இன்டர்நெட்டுல போட்டிருக்காவ! லோகம் பூரா ஒங்க முழங்காலப் பாத்துட்டு!"

வாங்கிப் பார்த்தேன். மேகம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது, நேரில் பார்த்ததைவிட ஒரு பிடி அதிகமாகவே இருக்கிறது. ஆனால் அடியில், நட்டநடுவில் நான். சேலை முழங்கால் வரை ஏறி, கொண்டை அவிழ்ந்து, ஈர வேட்டி ஒரு கையில், வாய் ஆவென்று திறந்து. பல் டாக்டர் பேத்தி பிடுங்கின இடம்கூடத் தெரிகிறது. கீழே "வானிலை அறிக்கை, கல்லிடைக்குறிச்சி" என்று போட்டிருக்கிறதாம். நாலாயிரம் பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்களாம். மேகத்தைச் சொன்னார்களா முழங்காலைச் சொன்னார்களா என்று சொர்ணத்துக்குப் பார்க்கத் தெரியவில்லை.

சொர்ணத்திடம் கோபமாகத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போய் இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்ப்பது எப்படி என்றும் கேட்டுக்கொண்டேன்.

மே 23, வெள்ளி

தர்சினிக்கு அனுப்ப எழுதியது. சொர்ணம் மகள் இதைப் போனில் அடித்து அனுப்புவாள். ஒரு வார்த்தையும் குறைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புள்ள பேத்தி தர்சினிக்கு ஆச்சி உலகம்மாள் ஆசீர்வாதம். நீ ஜெயித்தது எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான்.

படம் பார்த்தேன். மானம் போயிற்று. பால்காரர்கூட "என்ன ஆச்சி, ஓட்டம் நல்லாருக்கே" என்கிறார். அரக்குக் கரை வைத்த பச்சைச் சுங்குடி என்னிடம் புதிதாக மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதை உடுத்தி, கொண்டை போட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பேன். பின்னால் எந்த மேகம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனி பாதியில் சாரல் தொடங்கிவிடும். மேகம் மலை உச்சியிலிருந்து அருவி மாதிரி இறங்கி வரும், உன் ஐந்து படத்திலும் அது இல்லை.

நாடு முழுக்க மழைக்காலம் எடுக்கப் போகிறாய் என்றால், கல்லிடைக்குறிச்சியும் இந்த நாட்டில்தான் இருக்கிறது. உன்னை அனுப்புகிறவர்களிடம் கேட்டுப் பார். குறைந்தது பதினைந்து நாள் போட்டுக்கொண்டு வா. எந்த நாள் மேகம் இறங்கும் என்று முன்கூட்டி என்னால் சொல்ல முடியாது. உண்மையாகவே முடியாது, சாரல் அப்படி.

இப்போது போட்டிருக்கிற படத்தை உடனே எடுத்துவிட வேண்டாம், பாலமுகுந்தன் கப்பலில் இன்னும் நிறையப் பேர் பார்க்கவில்லையாம். ஆனால் சீக்கிரம் வந்து, புதுப் படம் எடுத்து, அதைப் போடு.